அட்டையில் ‘டி25’ என்றிருந்தால் புற்றுநோயா?

முன்னேஸ்வரத்தில் ஆவணித் திருவிழா தொடங்கினால் எங்கள் வீட்டில் பாய் சுருட்டி வைக்க நேரமிருக்காது. வன்னியிலிருந்தும் யாழ்ப்பாணத்திலிருந்தும் சொந்தக்காரர் வருவார்கள். போன திருவிழாவுக்கு என் சித்தப்பாவின் மகள் வந்திருந்தாள். வயது 46. வடிவாம்பிகை சந்நிதியில் நெடுநேரம் நின்று கும்பிட்டாள். வீட்டுக்கு வந்ததும் கைப்பைக்குள்ளிருந்து நாலாக மடித்த ஓர் அட்டையை எடுத்து என் மடியில் வைத்தாள்.

“அக்கா, நீங்கள் உந்த வேலைதானே செய்தனீங்கள். இதை ஒருக்கா வாசிச்சுச் சொல்லுங்கோ. ஆருக்கும் சொல்லிப்போடாதேங்கோ.”

அது ஒரு நோய் நிர்ணய அட்டை. வைத்தியரின் கையெழுத்தில் ஒரு வரி, அதற்குப் பக்கத்தில் ‘டி25.9’ என்று ஒரு குறியீடு. வெளிநாட்டில் இருக்கும் மகனுக்கு வாட்ஸ்அப்பில் படம் அனுப்பியிருக்கிறாள். அவன் இணையத்தில் தேடியிருக்கிறான். அந்தக் குறியீடு ‘நியோபிளாசம்ஸ்’ என்ற அதிகாரத்துக்குள் இருக்கிறது என்று கண்டதும், அம்மாவுக்குப் புற்றுநோய் என்று முடிவுகட்டி போனில் அழுதிருக்கிறான். அன்றிலிருந்து இவள் கிளினிக்குக்குப் போகவில்லை. எட்டு மாதம். மாதவிடாய் பத்து நாள், பன்னிரண்டு நாள் என்று போகிறது. கோயில் படி ஏறவே மூச்சு வாங்கியது.

நான் வைத்தியர் அல்ல. இருபது வருடத்துக்கும் மேலாக அரச வைத்தியசாலைகளின் பதிவேட்டறையில் இருந்தவள். ஆட்களைத் துண்டு வெட்டி வீட்டுக்கு அனுப்பிய பிறகு, அவர்களின் கட்டில் தலைச்சீட்டு எங்கள் மேசைக்கு வரும். அதில் வைத்தியர் எழுதிய நோயைப் பார்த்து, தடித்த புத்தகத்தில் தேடி, குறியீடு போடுவதுதான் எங்கள் வேலை. பிறகு அது கணினிக்கு மாறியது. இந்தக் குறியீடுகளால் எங்கள் சனம் படுகிற பாட்டைப் பார்த்துத்தான் இதை எழுதுகிறேன். குறிப்பாக, கருப்பையிலும் சூலகத்திலும் வருகிற, புற்றுநோய் அல்லாத கட்டிகளைப் பற்றி.

முதலில் இந்தக் குறியீடு எதற்கு என்று சொல்ல வேண்டும். 1893 இல் சிக்காகோவில் கூடிய சர்வதேசப் புள்ளிவிபர அமைப்பிடம், ஜாக் பெர்ட்டியோன் என்ற பிரெஞ்சுக்காரர் இறப்புக் காரணங்களின் பட்டியல் ஒன்றைக் கொடுத்தார். எந்த நாட்டில் எத்தனை பேர் எதனால் இறந்தார்கள் என்று ஒப்பிடுவதற்கான பட்டியல் அது. 1948 இல் உலக சுகாதார நிறுவனம் அதன் ஆறாம் பதிப்பைப் பொறுப்பேற்றபோது, இறப்போடு நோய்களும் சேர்ந்தன. இன்று எங்கள் அட்டைகளில் காண்பது 1990 இல் ஏற்கப்பட்ட பத்தாம் பதிப்பு, ஐ.சி.டி.-10. பதினோராம் பதிப்பு 2022 ஜனவரி 1 இல் நடைமுறைக்கு வந்துவிட்டாலும் நாடுகள் மெதுவாகத்தான் மாறுகின்றன. எங்கள் நாட்டில் அரச வைத்தியசாலை விடுதிகளிலிருந்து துண்டு வெட்டப்படுகிறவர்களின் குறியீடுகள் சுகாதார அமைச்சின் மருத்துவப் புள்ளிவிபரப் பிரிவுக்குப் போகின்றன. வெளிநோயாளர் பகுதியில் மருந்து எடுத்துக்கொண்டு போகிறவர்கள் அந்தக் கணக்கில் இல்லை.

ஆக, குறியீடு பிறந்தது எண்ணுவதற்காக. நோயாளிக்கு நோயை விளங்கப்படுத்துவதற்காக அல்ல. ஆனால் அது நோயாளியின் கையில் கிடைக்கிறது. அட்டை ஆங்கிலத்தில் இருக்கிறது, விளக்கம் அவசரத்தில் கிடைக்கிறது, சில இடங்களில் அதுவும் சிங்களத்தில். மிஞ்சுவது ஓர் எழுத்தும் இரண்டு மூன்று இலக்கங்களும்தான். அதைப் பிடித்துக்கொண்டு போனில் தேடுகிறோம்.

‘நியோபிளாசம்’ என்ற கிரேக்கச் சொல்லுக்குப் ‘புது வளர்ச்சி’ என்றுதான் பொருள். உடம்பில் புதிதாக முளைத்த எதுவும் அதற்குள் அடங்கும். ஐ.சி.டி.யின் இரண்டாம் அதிகாரம் அவ்வளவையும் ஒரே கூரையின் கீழ் வைத்திருக்கிறது. மச்சமும் அங்கேதான், கொழுப்புக்கட்டியும் அங்கேதான், புற்றுநோயும் அங்கேதான். பிரிப்பது எழுத்தும் இலக்கமும். (அட்டையில் ஆங்கிலப் பேரெழுத்தில் இருப்பதை நான் தமிழில் எழுதுகிறேன்.) ‘சி’ என்று தொடங்கினால் தீங்கான கட்டி, அதாவது புற்றுநோய். சி53 கருப்பைக் கழுத்து, சி54 கருப்பை உடல், சி56 சூலகம். ‘டி’ என்று தொடங்கினால் ஒரே பதில் கிடையாது, ஏனென்றால் அந்த எழுத்தில் நாலு தெரு இருக்கிறது.

டி00 முதல் டி09 வரை, உருவான இடத்தைவிட்டு இன்னும் பரவாத ஆரம்ப நிலை. டி06 என்றால் கருப்பைக் கழுத்தின் மேற்படையில் மட்டும் நிற்கும் மாற்றம். இதைச் ‘சும்மா கட்டி’ என்று விடக்கூடாது, இப்போதே சிகிச்சை செய்தால் தப்பலாம். டி10 முதல் டி36 வரை, தீங்கற்ற கட்டிகள். என் சித்தப்பா மகளின் டி25 இங்கேதான் வருகிறது. டி37 முதல் டி48 வரை, எப்படி நடந்துகொள்ளும் என்று உறுதியாகச் சொல்ல முடியாதவை. டி50 முதல் டி89 வரை கட்டியே அல்ல, இரத்த நோய்கள். இரத்தப்போக்கால் இரும்புச்சத்துக் குறைந்து வரும் சோகைக்கு டி50.0. கட்டிக்கும் சோகைக்கும் ஒரே எழுத்தைக் கொடுத்தவர்கள் எங்களைப் போன்றவர்களை நினைத்துப் பார்க்கவில்லை.

டி25 என்பது பைப்ரொயிட். தமிழில் தசைநார்க் கட்டி, நார்த்திசுக் கட்டி என்று பல பெயர் சொல்கிறார்கள். கருப்பைத் தசையிலிருந்து உருண்டு வருவது. பெண்களிடம் இது எவ்வளவு சாதாரணம் என்றால், 2003 இல் அமெரிக்காவில் வெளியான ஓர் ஆய்வு, 50 வயதுக்குள் வெள்ளையினப் பெண்களில் ஏறத்தாழ 70 வீதத்தினருக்கும் கறுப்பினப் பெண்களில் 80 வீதத்துக்கு மேற்பட்டோருக்கும் இது வருகிறது என்று கணக்கிட்டது. பலருக்கு எந்தத் தொந்தரவும் இல்லை. மாதவிடாய் நின்ற பிறகு பெரும்பாலும் தானாகச் சுருங்கும். அப்போது சுருங்காமல் வளர்ந்தால்தான் வைத்தியர்கள் புருவத்தை உயர்த்துவார்கள்.

புள்ளிக்குப் பின்னால் வரும் இலக்கத்தைப் பலர் கவனிப்பதில்லை. டி25.0 என்றால் கட்டி கருப்பையின் உட்சுவர்ப் பக்கம் தள்ளிக்கொண்டு நிற்கிறது. சிறியதாக இருந்தாலும் இதுதான் அதிகம் இரத்தம் போகச் செய்வது, பிள்ளை தங்குவதற்கும் இடைஞ்சல் கொடுப்பது. இங்கே அம்பாளிடம் பிள்ளை வரம் கேட்டு வருகிறவர்களில் எத்தனையோ பேர் தங்கள் ஸ்கான் அறிக்கையில் இந்த ஒரு சொல் இருக்கிறதா என்று பார்த்ததே இல்லை. டி25.1 தசைக்குள்ளேயே இருப்பது. டி25.2 வெளிப்புறமாகத் தள்ளி நிற்பது. பெரிதானால் சலப்பையையும் மலக்குடலையும் அமுக்கும், இரத்தப்போக்கு அவ்வளவு இராது. டி25.9 என்றால் ‘எங்கே என்று குறிப்பிடவில்லை’. அதாவது வைத்தியர் எழுதவில்லை, அல்லது எழுதியதை எங்களைப் போன்ற ஒருவர் வாசிக்கவில்லை. 9 என்பது நோயின் கடுமை அல்ல. “ஒன்பதாம் கட்டமா?” என்று ஒருவர் என்னிடம் கேட்டிருக்கிறார்.

மகப்பேற்று நிபுணர்கள் இதைவிட நுணுக்கமான அளவுகோல் ஒன்றை வைத்திருக்கிறார்கள். சர்வதேச மகப்பேற்று, பெண்நோயியல் கூட்டமைப்பு 2011 இல் வெளியிட்டது, 0 முதல் 8 வரை வகை சொல்லும். ஸ்கான் அறிக்கையில் ‘ஃபிகோ 2’ என்றோ ‘ஃபிகோ 5’ என்றோ இருந்தால் அது பைப்ரொயிட் இருக்கும் இடம். குழப்பம் என்னவென்றால் அதே கூட்டமைப்புப் புற்றுநோயின் கட்டங்களுக்கும் இலக்கம் கொடுக்கிறது. பெயர் ஒன்று, அளவுகோல் இரண்டு.

சூலகத்தின் நீர்க்கட்டிகள் பெரும்பாலும் டி எழுத்துக்கே வருவதில்லை. முட்டை வளரும் பையில் நீர் தங்கினால் என்83.0. முட்டை வெளியேறிய இடத்தில் உண்டானால் என்83.1. வகை தெரியாவிட்டால் என்83.2. இவை பல, இரண்டு மூன்று மாதவிடாய்ச் சுற்றில் தானே வற்றிவிடும். அதனால்தான் ‘மூன்று மாதம் கழித்து வாருங்கள்’ என்கிறார்கள். அலட்சியத்தால் அல்ல. பழைய இரத்தம் தேங்கிய ‘சொக்லேட்’ கட்டி என்80.1, எண்டோமெட்ரியோசிஸ் குடும்பம். கருப்பைக்குள் தொங்கும் பொலிப் என்84.0, கழுத்தில் தொங்குவது என்84.1. எல்லாரும் ‘பி.சி.ஓ.எஸ்.’ என்று சொல்வது ஈ28.2, அது ஹோர்மோன் அதிகாரத்தில் இருக்கிறது. முடியும் பல்லும் வைத்திருக்கும் டெர்மொயிட் போன்ற உண்மையான சூலகக் கட்டிதான் டி27. பல்லா என்று திகைக்க வேண்டாம், எந்த இழையமாகவும் மாறக்கூடிய கலங்களிலிருந்து அது வருகிறது. செய்வினை அல்ல.

டெர்மொயிட் என்றதும் எனக்கு ஒருவரின் முகம் நினைவுக்கு வரும். அது என் தவறு.

போர் முடிவதற்குச் சில வருடங்களுக்கு முன், நான் வேலை செய்த வைத்தியசாலை ஒன்றிலிருந்து ஓர் அம்மா வேறிடத்துக்குச் சத்திரசிகிச்சைக்காக அனுப்பப்பட்டார். தலைச்சீட்டில் கேள்விக்குறி போட்டு, ‘சூலகப் புற்றுநோயா?’ என்று எழுதியிருந்தது. நான் சி56 என்று போட்டேன். விதிப்படி அது சரி. உலக சுகாதார நிறுவனத்தின் ஐ.சி.டி.-10 கைநூல், விடுதியிலிருந்து போகும்போதும் நோய் ‘சந்தேகம்’ என்றே இருந்து, வேறு தகவல் எதுவும் இல்லாவிட்டால், அது உறுதியானது போலவே குறியிடச் சொல்கிறது. சோதித்துப் பார்த்து ‘இல்லை’ என்று தெரிந்தால் இசட்03 என்று வேறு குறியீடு இருக்கிறது. கேள்விக்குறிக்குக் குறியீடு கிடையாது. எனவே அது கணினிக்குள் போகும்போது விழுந்துவிடுகிறது.

சத்திரசிகிச்சையில் எடுத்தது டெர்மொயிட். திசுப் பரிசோதனை அறிக்கை வந்தது. அதைக் கோப்பில் செருகினேன். குறியீட்டைத் திருத்தவில்லை. அன்றைக்கு மேசையில் நூறு சீட்டுகள் கிடந்தன என்பது உண்மை, ஆனால் அது சாட்டு. அந்த அம்மா பின்னாளில் இன்னொரு வைத்தியசாலைக்கு வேறு நோய்க்காகப் போனபோது, எங்கள் சுருக்கத்தில் இருந்ததைப் பார்த்துப் ‘பழைய புற்றுநோயாளி’ என்று எழுதிவிட்டார்கள். மறுபடி எல்லாப் பரிசோதனையும். கதை ஊருக்குள் போனது. மகளுக்குப் பேசிய கலியாணம் ஒன்று ‘அந்தக் குடும்பத்தில் கான்சர்’ என்று நின்றுபோனது. அவர் என்னைத் தேடி வந்து கேட்டார்: “பிள்ளை, எனக்கு இல்லாத வருத்தத்தை நீ ஏன் எழுதினனீ?” கைநூலின் விதியை அவருக்கு எப்படிச் சொல்வது?

இன்னொரு தவறும் எங்களிடம் சாதாரணம். ‘அடிவயிற்றில் கட்டி’ என்று மட்டும் வைத்தியர் எழுதினால், அதற்குரியது ஆர்19.0 என்ற அறிகுறிக் குறியீடு. அவசரத்தில் டி39 போட்டுவிடுவோம், ‘என்னவென்று தெரியாத கட்டி’ என்ற நினைப்பில். டி39 அப்படியல்ல. திசுவை நுண்ணோக்கியில் பார்த்த நிபுணரே ‘இது எந்தப் பக்கம் போகும் என்று சொல்ல முடியாது’ என்கிற கட்டிகளுக்கானது அது. சூலகத்தின் எல்லைக்கோட்டுக் கட்டிகள் டி39.1 இல் வரும், அவற்றுக்கு நீண்டகாலக் கண்காணிப்பு வேண்டும். உங்கள் அட்டையில் டி39 இருந்து, திசுப் பரிசோதனையே செய்யப்படவில்லை என்றால், ‘இது எப்படி வந்தது?’ என்று வைத்தியரிடம் கேட்கலாம்.

கட்டியின் பெயரை முடிவாகச் சொல்வது திசுப் பரிசோதனைதான். ஸ்கான் சொல்வது ஊகம். பெரும்பாலும் சரியான ஊகம்தான், ஆனாலும் ஊகம். அமெரிக்காவின் உணவு மருந்து நிர்வாகம் 2014 ஏப்ரலில் ஓர் எச்சரிக்கை வெளியிட்டது. பைப்ரொயிட் என்று சத்திரசிகிச்சை செய்யப்படும் பெண்களில் ஏறத்தாழ 350 பேரில் ஒருவருக்கு, முன்பே கண்டுபிடிக்கப்படாத சார்கோமா என்ற புற்றுநோய் உள்ளே இருக்கிறது என்பது அவர்களின் மதிப்பீடு. சிறு துளையின் வழியே கட்டியை உள்ளேயே அரைத்து எடுக்கும் கருவி அதைப் பரப்பிவிடலாம் என்பதால்தான் எச்சரித்தார்கள். பயமுறுத்த இதைச் சொல்லவில்லை, 350 இல் 349 பேருக்கு அது இல்லை. ஆனால் ‘கட்டியை எடுத்தாச்சு, இனி என்ன’ என்று அறிக்கையை வாங்காமல் விடுகிற பழக்கம் எங்களிடம் இருக்கிறது. டி25 சி54 ஆக மாறுவதோ, சி56 டி27 ஆக இறங்குவதோ அந்தக் கடதாசியில்தான். சத்திரசிகிச்சை முடிந்து சில வாரங்களுக்குப் பிறகு அது வரும். போய்க் கேட்டு வாங்க வேண்டும்.

இரத்தத்தில் ‘சி.ஏ.125’ பார்த்து அளவு கூடியிருக்கிறது என்றும் கலங்குவார்கள். வழக்கமாக 35 அலகுக்குக் கீழ் இருக்க வேண்டும் என்பார்கள். மாதவிடாய் நாளில், எண்டோமெட்ரியோசிசில், பைப்ரொயிட்டில், கர்ப்பத்தில், வயிற்றுக் காசநோயில்கூட அது கூடும். வயது குறைந்த பெண்ணுக்கு அந்த ஓர் எண்ணை வைத்து எதுவும் முடிவாவதில்லை.

பயத்தை வைத்து என்ன செய்யலாம் என்பதற்கு மகாராஷ்டிராவின் பீட் மாவட்டம் இருக்கிறது. கரும்பு வெட்டப் போகும் பெண்கள் அதிகம் உள்ள இடம் அது. அங்குள்ள தனியார் வைத்தியசாலைகளில் மூன்று ஆண்டுகளில் 4,605 பெண்களின் கர்ப்பப்பைகள் அகற்றப்பட்டன என்று 2019 இல் மாநில அரசு சட்டசபையில் சொன்னது. வெள்ளைபடுதல், வயிற்றுவலி என்று போன பெண்களிடம் ‘புற்றுநோய் வரும்’ என்று சொல்லி எடுத்தார்கள் என்ற செய்திகள் வந்தன. ஒரு நாள் வேலை தவறினால் தண்டப் பணம் கட்ட வேண்டிய பெண்களுக்கு மாதவிடாயே இல்லாமல் போவது லாபமாகத் தெரிந்தது. தேவையற்ற இவ்வகைச் சத்திரசிகிச்சைகளைக் கட்டுப்படுத்தும் வழிகாட்டல்களை மாநிலங்கள் நடைமுறைப்படுத்த வேண்டும் என்று இந்திய உச்ச நீதிமன்றம் 2023 ஏப்ரலில் உத்தரவிட்டது. எங்கள் இலவச வைத்தியசாலைகளில் அந்த வியாபாரம் இல்லை. என்றாலும், டி25 என்ற குறியீடு ‘கர்ப்பப்பையை எடு’ என்ற கட்டளை அல்ல என்பதை நாமும் தெரிந்திருக்க வேண்டும். பார்த்துக்கொண்டிருப்பது, மருந்து, கட்டியை மட்டும் எடுப்பது, கர்ப்பப்பையை எடுப்பது என்று வழிகள் பல. உங்கள் வயது, பிள்ளை வேண்டுமா என்பது, இரத்தம் எவ்வளவு போகிறது என்பது, இவற்றை வைத்துத்தான் தீர்மானம்.

எங்கள் சனத்துக்கு மட்டும் உரிய இரண்டு விடயங்கள் இருக்கின்றன. அவை எந்தப் புத்தகத்திலும் இல்லை.

ஒன்று, கடதாசி இல்லாத பெண்கள். 2009 இல் வைத்தியசாலைகளே இடம்பெயர்ந்தன. மாசியில் புதுக்குடியிருப்பு வைத்தியசாலை எறிகணைத் தாக்குதலுக்கு உள்ளானது. காயக்காரரையும் நோயாளரையும் செஞ்சிலுவைச் சங்கம் கப்பலில் திருகோணமலைக்கும் பின்னர் புல்மோட்டைக்கும் ஏற்றியது. அந்த நாட்களில் கட்டில் தலைச்சீட்டை யார் காவினார்கள்? நான் பத்து வருடம் குறியிட்ட பதிவேடுகள் எங்கே போயின என்று எனக்கே தெரியாது. அந்தக் காலத்திலும், பிறகு முகாமில் இருந்த காலத்திலும் சத்திரசிகிச்சை செய்யப்பட்ட பெண்கள் சிலர் இன்றைக்கும் என்னிடம் கேட்பது ஒரே கேள்வி: “எனக்கு என்னத்தை எடுத்தவங்கள்?” வயிற்றில் தழும்பு இருக்கிறது, மாதவிடாய் இல்லை. கர்ப்பப்பை மட்டுமா, சூலகமும் சேர்த்தா, எடுத்தது பைப்ரொயிட்டா, செல் காயமா என்று தெரியாது.

இதற்கு இப்போதும் வழி இருக்கிறது. சாதாரண ஸ்கான் கர்ப்பப்பை இருக்கிறதா என்று காட்டும். சூலகங்கள் இருக்கின்றனவா என்பதையும் பெரும்பாலும் சொல்லும். அதை வைத்தியர் அட்டையில் எழுதினால், இசட்90.7 என்ற குறியீடு ‘பிறப்புறுப்பு அகற்றப்பட்டுள்ளது’ என்று பதிவாகும். ஏன் வேண்டும் என்றால், இளம் வயதில் இரண்டு சூலகங்களும் எடுக்கப்பட்டவருக்கு எலும்பு தேய்வதும் இருதய நோயும் முந்தி வரலாம், அதற்கேற்பக் கவனிக்க வேண்டும். கருப்பைக் கழுத்து மிஞ்சியிருந்தால் பப் பரிசோதனையும் இன்னும் தேவை. 1996 முதல் நடக்கும் சுகவனிதையர் கிளினிக்குகளில் அது இலவசம். 35 வயதானதும் ஒரு தடவை கட்டாயம் போங்கள். உங்கள் பகுதிக் குடும்பநல உத்தியோகத்தரிடம் கேட்டால் நாளைச் சொல்வார். அந்தச் சோதனையில் என்87 என்று வந்தால் அதுவும் புற்றுநோய் அல்ல, கலங்களில் மாற்றம். ஆனால் திரும்பப் போகாமல் விடக்கூடாத குறியீடு.

இரண்டாவது, உடம்புக்குள் இரும்போடு இருப்பவர்கள். பைப்ரொயிட் எங்கே இருக்கிறது என்று துல்லியமாகப் பார்க்க எம்.ஆர்.ஐ. எழுதுவார்கள். அது பெரும் காந்தம். செல் துண்டோ சன்னமோ உடம்பில் இருந்தால், அது காந்தம் இழுக்கும் உலோகமாக இருந்தால், அசையலாம் அல்லது சூடாகலாம். கண்ணுக்கோ பெரிய இரத்தக் குழாய்க்கோ பக்கத்தில் இருந்தால் ஆபத்து. ‘பழைய காயம்தானே, இப்ப நோகுதில்லை’ என்று சொல்லாமல் விடாதீர்கள். யார் கேட்காவிட்டாலும் சொல்லுங்கள். முதலில் எக்ஸ்றே எடுத்துப் பார்த்து முடிவெடுப்பார்கள். சாதாரண ஸ்கானுக்கும் சி.ரி. ஸ்கானுக்கும் இந்தப் பயம் இல்லை. மென்திசுவில் தங்கிய அந்நியப் பொருளுக்கு எம்79.5 என்று குறியீடே இருக்கிறது. அதை அட்டையில் எழுதச் சொல்லி வைத்துக்கொண்டால் ஒவ்வொரு முறையும் கதை சொல்லத் தேவையில்லை. எந்த வருடம், எந்த இடத்தில், எப்படிக் காயப்பட்டது என்ற கேள்விக்குப் பதில் சொல்லப் பலருக்கு இன்னும் தயக்கம். ‘உள்ளே உலோகம் இருக்கிறது’ என்ற மூன்று சொல் போதும்.

புலம்பெயர்ந்த பிள்ளைகளுக்கும் ஒரு சொல். உங்கள் நாட்டுக் குறியீடும் எங்கள் அட்டையும் அச்சாக ஒன்றல்ல. அமெரிக்கப் பதிப்பில் டி27.0 என்றால் வலது சூலகம், டி27.1 இடது. இங்கே டி27 மட்டும்தான். ஜேர்மனியில் வெளிநோயாளர் கடதாசிகளில் குறியீட்டுக்குப் பின்னால் ஓர் எழுத்து இருக்கும். ‘ஜி’ உறுதியானது, ‘வி’ சந்தேகம், ‘ஏ’ இல்லை என்று தெளிவானது, ‘இசட்’ முன்பு இருந்து இப்போது மாறியது. சி56 க்குப் பின்னால் ‘ஏ’ இருந்தால் அது நல்ல செய்தி. அந்த ஓர் எழுத்தைப் பார்க்காமல் அழுத குடும்பங்களும் உண்டு. எங்கள் அட்டைகளில் அந்த எழுத்து இல்லை. ஆகவே அம்மாவின் அட்டையைப் படம் எடுத்து அனுப்பச் சொன்னால், குறியீட்டை மட்டுமல்ல, வைத்தியர் எழுதிய வரியையும் ஸ்கான் அறிக்கையையும் சேர்த்து அனுப்பச் சொல்லுங்கள்.

சித்தப்பாவின் மகளுக்கு இவ்வளவும் சொல்லவில்லை. அவளுக்கு ஒன்றைத்தான் சொன்னேன்: ‘சி’ இல்லை, ‘டி’, அதுவும் இருபத்தைந்து. ஆனால் நீ வெளிறிப் போயிருக்கிறாய், அதுதான் இப்போது அவசரம். கர்ப்பமில்லாத பெண்ணுக்கு ஹீமோகுளோபின் 12 க்குக் கீழே போனால் சோகை, 8 க்குக் கீழே போனால் கடும் சோகை என்பது உலக சுகாதார நிறுவனத்தின் கணக்கு. தேர் பார்த்த கையோடு பஸ் ஏற்றினேன். ஊருக்குப் போன மறுநாள் கிளினிக்குக்குப் போனாள். 6.4 இருந்தது. அன்றே விடுதியில் மறித்து இரத்தம் ஏற்றினார்கள். இடுப்பில் செல் துண்டு இருப்பதையும் சொல்லியிருக்கிறாள், எம்.ஆர்.ஐ. வேண்டாம் என்று வைத்தியர் சாதாரண ஸ்கானையே திரும்பச் செய்தாராம்.

துண்டு வெட்டிய அன்று போன் எடுத்தாள். புது அட்டையில் இப்போது இரண்டு குறியீடு: டி25.1, டி50.0. மகன் இரண்டாவதைப் பார்த்துவிட்டு மறுபடி பதறியிருக்கிறான்.

“அது இரத்தம் குறைஞ்சதுக்கு எழுதினது எண்டு நானே அவனுக்குச் சொல்லிப்போட்டன் அக்கா,” என்றாள். “அடுத்த மாதம் பதினேழாம் திகதி திரும்ப வரச் சொல்லியிருக்கினம்.”